தம்பி வெட்டி ஒட்டிய ஒப்பாரி

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நான் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆசிரியை. உங்கள் கட்டுரைகளை நாலைந்து வருடமாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

என் தம்பி கொழும்பில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிறான். இரவில் போனிலேயே பாட்டுச் செய்வான். அவனுக்குப் பாட வராது, வாத்தியமும் தெரியாது. தோட்டத்துக்கு வரும்போது கண்ட சத்தத்தையெல்லாம் பதிந்துகொண்டு போவான். தேயிலை ஸ்டோர் மெசின், பீலிக் குழாயில் விழுகிற தண்ணி, கொழுந்து நிறுக்கிற இடம், திருவிழாத் தப்பு என்று எதையும் விடமாட்டான். அவற்றை வெட்டி ஒட்டி ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுவான்.

போன வருடம் தாத்தா தவறிவிட்டார். அம்மா சவூதியில் இருந்ததால் வர முடியவில்லை. அம்மாவுக்கு அனுப்பத்தான் அம்மாயியின் ஒப்பாரியைத் தம்பி பதிந்தான். இப்போது அதையும் வெட்டி நாலு நிமிடப் பாட்டாக்கி இணையத்தில் போட்டுவிட்டான். நிறையப் பேர் கேட்கிறார்கள். மாமாவுக்குக் கடும் கோபம். "எழவு வீட்டு அழுகைய வச்சுக் கூத்தாடுறான். இதுல இவன் பாடுனது எது? எல்லாம் அடுத்தவங்ககிட்ட எடுத்ததுதானே?" என்று சத்தம் போட்டார். தம்பி வீட்டுக்கு வருவதையே நிறுத்திவிட்டான்.

எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாகப் படுகிறது. இப்படிச் செய்கிறவர்கள் வேறு யாரும் இருக்கிறார்களா? இது இசையா, களவா? அம்மாயியின் குரலை அவன் வெட்டியது சரியா? பாட்டை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்,
ச.

*

அன்புள்ள தங்கைக்கு,

பாட்டை மூன்று தடவை கேட்டேன். அது இசைதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தொடக்கத்தில் ஸ்டோர் காற்றாடியின் இரைச்சல் வந்ததும் உடம்பு சிலிர்த்துவிட்டது. இரவு முழுக்கக் கொழுந்து வாட்டுகிற அந்த இரைச்சலில்தான் நாமெல்லாம் தூங்கி வளர்ந்தோம். நடுச்சாமத்தில் அது நின்றால் விழிப்பு வந்துவிடும். தம்பி அதை அடியில் சுருதி போல ஓடவிட்டு அதன்மேல் பீலித் தண்ணியை விழவிட்டிருக்கிறார். அப்புறம் நிறுவைக்காரரின் குரல், "பதினாறு... பதினாலு... பதினெட்டு" என்று வருகிறது. அந்தக் குரலுக்குள் அப்படி ஒரு தாளம் இருப்பதை, முப்பது வருடம் கொழுந்து நிறுத்த என் அம்மாகூடக் கவனித்திருக்க மாட்டார்.

எனக்கு இந்த மாதிரி ஒலிகள்மேல் பிரியம் வந்தது ஒரு கேசட்டால். எங்கள் பெரியப்பா குடும்பம், 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போய்க் கூடலூர்ப் பக்கம் குடியேறியது. எழுத வாசிக்கச் சிரமப்பட்ட அவர்களுக்கும் எங்களுக்கும் கேசட்தான் கடிதம். புதுக் கேசட்டுக்குக் காசில்லாததால், வந்த கேசட்டின் மேலேயே பேசித் திருப்பி அனுப்புவோம். பேச்சு சின்னதாக இருந்தால் பழைய பேச்சின் வால் மிச்சமிருக்கும். பெரியம்மா பொங்கல் வாழ்த்துச் சொல்லி முடித்ததும் 'டக்' என்று ஒரு சத்தம். பிறகு ஏதோ சினிமாப் பாட்டின் கடைசி இரண்டு வரி. அதற்கும் பிறகு எங்கள் பாட்டி கோழியைக் கூப்பிடுகிற குரல். பாட்டி செத்து அப்போது இரண்டு வருடம். அம்மா அந்த இடத்துக்கு மட்டும் சுற்றிச் சுற்றிப் போடச் சொல்லிக் கேட்பார். வெட்டி ஒட்டுவதற்குக் கொலாஜ், சுற்றிச் சுற்றி ஒலிப்பதற்கு லூப் என்ற வார்த்தைகளெல்லாம் எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிய வந்தன.

இப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்களா என்று கேட்டீர்கள். எண்பது வருடமாக இருக்கிறார்கள். 1944இல் கெய்ரோவில் ஹலீம் எல்-தப் என்ற இளைஞர், கம்பியில் ஒலி பதியும் கருவி ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு 'ஸார்' என்ற சடங்குக்குப் போனார். பெண்கள் கூடிப் பாடிப் பிணி தீர்க்கிற சடங்கு அது. நம் ஊர்ப் பேயோட்டுக்குப் பக்கத்தில் வைக்கலாம். அந்தக் குரல்களை வானொலி நிலையத்துக்குக் கொண்டுவந்து, எதிரொலி கூட்டி, வேண்டாததை வடித்துவிட்டுப் புதிதாக ஒன்றைச் செய்தார். இந்தக் கலையின் மிகப் பழைய படைப்புகளில் ஒன்று பெண்களின் சடங்குக் குரலில் பிறந்தது என்பதை மாமாவுக்குச் சொல்லுங்கள்.

நாலு வருடம் கழித்துப் பாரிஸ் வானொலியில் பியர் ஷேஃபர் என்ற பொறியியலாளர் இதே வழியில் இறங்கினார். அவர் முதலில் போனது பாத்தின்யோல் ரயில் நிலையத்துக்கு. எஞ்சினின் ஊதல், சக்கரம் தண்டவாள இணைப்பில் தட்டுகிற சத்தம், பெட்டிகள் இடித்துக்கொள்வது எல்லாவற்றையும் இசைத்தட்டில் பதிந்து, ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்கு மாற்றி மாற்றி ஒரு சின்ன இசை செய்தார். தட்டின் வரிப்பள்ளம் சுற்றிவந்து தன் தொடக்கத்திலேயே சேரும்படி வெட்டுவார். ஊசி அங்கேயே சுற்றும், சத்தம் திரும்பத் திரும்ப வரும். தம்பியின் போனில் ஒரு பொத்தானில் இருக்கிற லூப் அப்படி வந்ததுதான். அந்த ரயில் இசை 1948 ஒக்டோபர் 5ஆம் தேதி வானொலியில் ஒலித்தது.

அந்தத் தேதியைப் பார்த்தால் எனக்கு மனம் இங்கே திரும்பிவிடும். அடுத்த மாதம், நவம்பர் 15இல், இலங்கையின் பிரஜாவுரிமைச் சட்டம் அமுலுக்கு வந்தது. நம் மலையக ஆட்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். பிறகு 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதினார்கள். ஹட்டனிலும் நானுஓயாவிலும் ஏறி, இந்தியாவுக்குக் கப்பலேறத் தலைமன்னாருக்குப் போன அந்த ரயிலுக்கு நம் பெரியவர்கள் வைத்த பேர் ஒப்பாரிக் கோச்சி. மேடையில் நிற்கிறவர்களும் பெட்டிக்குள் இருக்கிறவர்களும் ஒருவர் கையை ஒருவர் விடாமல் அழ, எஞ்சின் ஊதி நகரும் என்று அப்பா சொல்வார். அந்தச் சத்தத்தின் பதிவு எதையும் நான் கேட்டதில்லை.

அமெரிக்க இசைக்காரர் ஸ்டீவ் ரைக் 1988இல் 'டிஃபரன்ட் ட்ரெயின்ஸ்' என்ற படைப்பைச் செய்தார். அவருடைய அப்பாவும் அம்மாவும் பிரிந்தவர்கள். சின்ன வயதில் அவர் நியூயோர்க்குக்கும் லொஸ் ஏஞ்சல்ஸுக்கும் நடுவே ரயிலில் போய்வந்துகொண்டிருந்தார். யூதரான தான் அதே வருடங்களில் ஐரோப்பாவில் இருந்திருந்தால் ஏறியிருக்கக்கூடிய ரயில் எது என்ற எண்ணம் பின்னாளில் அவருக்கு வந்தது. தன்னை வளர்த்த ஆயா, ஓய்வுபெற்ற ஒரு ரயில் ஊழியர், நாசி முகாம்களிலிருந்து தப்பியவர்கள் ஆகியோரின் பேச்சுத் துண்டுகளை எடுத்தார். ஒவ்வொரு துண்டிலும் குரல் ஏறி இறங்குகிற விதத்தையே மெட்டாக்கி நரம்பு வாத்தியங்களில் வாசிக்க வைத்தார். குரலும் வாத்தியமும் ஒரே மெட்டில் சேர்ந்து போகும். ஒப்பாரிக் கோச்சியை இப்படி யாராவது செய்யமாட்டார்களா என்று எனக்குப் பல வருடமாக ஆசை. அந்த மேடையில் நின்றவர்கள் இன்னும் சிலர் நம் லயத்து வரிசை வீடுகளில் இருக்கிறார்கள். தம்பியிடம் இதைச் சொல்லுங்கள். இதை நான் உண்மையாகவே கேட்கிறேன்.

சரி, மாமாவின் கேள்விக்கு வருகிறேன். "இவன் பாடுனது எது?" நம் மண்ணில் மெட்டை எடுப்பது ஒருபோதும் களவாக இருந்ததில்லை. தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் நடேசய்யரின் மனைவி மீனாட்சியம்மாள் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாடியபோது, சனங்களுக்குத் தெரிந்த மெட்டில்தான் தொழிலாளர் துயரத்தை வைத்தார். தெரிந்த மெட்டு என்பதால்தான் இரண்டாம் தடவையிலேயே கூட்டம் சேர்ந்து பாடியது. காமன் கூத்தும் ஒப்பாரியும் அப்படித்தான். அம்மாயி பாடிய வரிகளில் பாதி அவருடைய அம்மா பாடியவையாக இருக்கும், மீதி தாத்தாவுக்கென்று அந்த நேரத்தில் வந்தவை. தம்பியும் அதே வேலையைச் சத்தத்தை வைத்துச் செய்கிறார். நம் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, பாடகி எம்.ஐ.ஏ. 2007இல் தன் அம்மாவின் பேரையே வைத்து வெளியிட்ட 'கலா' இசைத்தொகுப்பின் முதல் பாட்டைக் கேளுங்கள். 'தளபதி' படத்துக் 'காட்டுக்குயிலு' பாட்டின் துண்டு அதில் ஓடும். கேட்ட கணத்தில் நமக்குத் தெரிந்துவிடும், தெரியவேண்டும் என்றுதான் வைத்திருக்கிறார்.

ஆனால் மாமாவின் கோபத்தில் உண்மை இல்லை என்று சொல்லமாட்டேன். 1969இல் த வின்ஸ்டன்ஸ் என்ற அமெரிக்கக் குழு பதிந்த 'ஆமென், பிரதர்' பாட்டில் ஆறேழு வினாடி டிரம்ஸ் மட்டும் தனியாக வரும். உலகத்தில் மிக அதிகமாக வெட்டி எடுக்கப்பட்ட துண்டுகளில் அது ஒன்று. ஆயிரக்கணக்கான பாட்டுகள் அதன்மேல் நிற்கின்றன. அதை வாசித்த கிரிகரி கோல்மன் அதற்காக ஒரு சதமும் பெறாமல், வீடில்லாதவராக 2006இல் செத்துப்போனார்.

இன்னொன்று எனக்கு இதைவிடக் கூடுதலாக வலிக்கும். சொலமன் தீவுகளின் மலைட்டாவில் அஃபுனாக்வா என்ற பெண் பாடிய தாலாட்டு ஒன்றை, ஹ்யூகோ செம்ப் என்ற ஆய்வாளர் பதிந்திருந்தார். தகப்பனை இழந்து அழுகிற பிள்ளையைத் தேற்றுகிற பாட்டு அது. 1992இல் டீப் ஃபாரஸ்ட் என்ற பிரெஞ்சுக் குழு அதை எடுத்து நடனத் தாளத்தில் போட்டு உலகம் முழுக்க விற்றது. அவள் பேர் அதில் இல்லை. இசைத்தொகுப்பு முழுக்க ஆப்பிரிக்கக் காட்டு மக்களைப் பற்றியதாக இருந்ததால், கேட்டவர்கள் அவளையும் ஆப்பிரிக்கப் பெண் என்றே நினைத்தார்கள். தீவு, பேர், அழுகிற பிள்ளை எல்லாம் போய்க் குரல் மட்டும் மிஞ்சியது.

எங்கள் லயத்திலும் இப்படி நடந்தது. பக்கத்துக் காம்பராவில் இருந்த ஒரு பெரியம்மா மலையில் பாடிய பாட்டை யாரோ வந்து பதிந்துகொண்டு போனார்கள். இரண்டு வருடம் கழித்து ஒரு விளம்பரத்தில் அது வந்தது. வாசல்பக்க இஸ்தோப்பில் உட்கார்ந்து டிவி பார்த்த பெரியம்மா, பாட்டுக்கு நடுவில் வந்த இருமலை வைத்துத்தான் அது தன் குரல் என்று கண்டுபிடித்தார். "நான் இருமினது, நான் இருமினது" என்று எங்களிடம் சொல்லிச் சிரித்தார். அப்புறம் ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார்.

தோட்டத்தில் பேர் என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு நாள் வேலை ஒரு பேர். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர்தான் விழும். நாள் முழுக்க மலையில் நின்ற ஆளுக்குக் கணக்குப் புத்தகத்தில் பாதி ஆள் என்று எழுதுவார்கள். நம் அம்மாக்கள் அந்த அரைப்பேருக்காகச் சண்டை போட்டதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். தம்பியின் பாட்டுக்குக் கீழே 'பாரம்பரிய ஒப்பாரி' என்று மட்டும் போட்டிருக்கிறது. அம்மாயியின் பேர் எங்கே? அவர் எந்தத் தோட்டம், எந்த டிவிசன், யாருக்காக அழுதார்? அது போடாதவரை அம்மாயிக்கு விழுந்திருப்பது அரைப்பேர்தான்.

இன்னொரு குறையும் எனக்கு உண்டு. ஷேஃபர் ஒரு தடவை மணியோசையைப் பதிந்து, அடி விழுகிற முதல் கணத்தை மட்டும் நீக்கிவிட்டுக் கேட்டார். அது மணியாகவே தெரியவில்லை, ஏதோ ஊதுகுழல் போல ஒலித்தது. ஒலியின் தலையை வெட்டினால் ஆளே மாறிவிடும். தம்பி மூன்றாவது நிமிடத்தில் அதைத்தான் செய்திருக்கிறார். அம்மாயி தாத்தாவை விளித்துக் கூப்பிடுகிற சொல் போய்விட்டது, பின்னால் இழுக்கிற ராகம் மட்டும் இருக்கிறது. தாத்தாவைத் தெரியாதவர்களுக்கு அது தாலாட்டாகக்கூடக் கேட்கும். அதன் பிறகு ஒரு விம்மலை எட்டுத் தடவை அடுக்கித் தாளத்தில் ஏற்றியிருக்கிறார். அந்த இடத்தில் மாமா எழுந்து போயிருந்தால் நானும் கூடவே போயிருப்பேன்.

வலியைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிடக் கூடாது என்பதல்ல நான் சொல்வது. ரைக்கே 1966இல் 'கம் அவுட்' என்ற படைப்பில் அதைச் செய்தார். நியூயோர்க்கின் ஹார்லெமில் பொலிஸ் அடித்த டேனியல் ஹாம் என்ற கறுப்பு இளைஞர், இரத்தம் வந்தால்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள் என்பதால் கன்றிப்போன இடத்தைத் தானே கீறித் திறந்ததைச் சொல்கிறார். அந்த வாக்கியத்தை முதலில் முழுதாகக் கேட்கவைத்துவிட்டுத்தான் ரைக் அதன் கடைசிச் சொற்களைச் சுற்றவிடுகிறார். ஹாமோடு வழக்கில் சிக்கியவர்களின் மறுவிசாரணைக்குப் பணம் சேர்த்த நிகழ்ச்சிக்காகச் செய்தது அது. தம்பியும் அம்மாயியின் அந்த ஒரு வரியை முதலில் முழுதாக விடட்டும். "எங்க போனீக" என்பது வரை கேட்கட்டும். பிறகு விம்மல் எட்டுத் தடவை வந்தாலும் அது யாருடைய விம்மல் என்று நமக்குத் தெரியும்.

வெட்டாத முழுப் பதிவைத் தம்பி பத்திரமாக வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். போனில் மட்டும் இருந்தால் போன் போகிற அன்று அதுவும் போய்விடும். மூன்று இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். ஒன்று உங்களிடம் இருக்கட்டும், ஒன்று அம்மாவிடம்.

உங்கள் கடிதத்தில் மாமா இருக்கிறார், தம்பி இருக்கிறார், நீங்கள் இருக்கிறீர்கள். அம்மாயி அந்தப் பாட்டைக் கேட்டாரா என்பது மட்டும் இல்லை. அடுத்த பௌர்ணமிப் போயா லீவுக்குத் தம்பியை வரச் சொல்லுங்கள், மாமாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, அம்மாயியை இஸ்தோப்பில் உட்காரவைத்து, ஹெட்போனை அவர் காதில் தம்பியே மாட்டிவிடட்டும். அவர் வேண்டாம் என்றால் அன்றைக்கே அதை எடுத்துவிட வேண்டும். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா