குவாண்டம் கிணற்று ஆய்வும் தங்கள் மகளின் வேலைவாய்ப்பும்

அன்புள்ள ஐயா,

குறைகடத்திக் குவாண்டம் கிணறுகள் உமிழும் ஒளியைக் காந்தப்புலம் எவ்வாறு மாற்றுகிறது என்பதை முனைவர் பட்டத்துக்கு ஆராயத் தங்கள் மகள் விரும்புவதையும், இதைப் படித்தால் யார் வேலை தருவார்கள் என்று தாங்கள் கவலைப்படுவதையும் கடிதத்தில் படித்தேன். தலைப்பை வைத்து முடிவெடுக்கும் முன், ஆய்வகத்தில் அவர் நாள்தோறும் என்ன செய்யப்போகிறார் என்று பார்த்துவிடுவோம்.

அலுமினியம் கேலியம் ஆர்சினைடு அடுக்குகள் இரண்டுக்கு நடுவே ஏறத்தாழ 10 நானோமீட்டர் தடிமனில் கேலியம் ஆர்சினைடை வளர்த்தால், எலெக்ட்ரான்களும், எலெக்ட்ரான் விட்டுச்சென்ற காலியிடங்களான, நேர்மின்னூட்டம் கொண்டவைபோல் நடக்கும் துளைகளும் அந்த மெல்லிய அடுக்குக்குள் அடைபடுகின்றன; அதுவே குவாண்டம் கிணறு. லேசர் பட்டதும் ஓர் எலெக்ட்ரானும் ஒரு துளையும் ஒன்றையொன்று ஈர்த்து எக்ஸிடான் என்னும் இணையாகின்றன. அந்த இணை மறையும்போது 800 நானோமீட்டர் அருகே, கண்ணுக்கு அநேகமாகப் புலப்படாத ஒளி வெளிப்படுகிறது. மாதிரியை 4 கெல்வின் (ஏறத்தாழ −269 டிகிரி செல்சியஸ்) அளவுக்குக் குளிர்வித்து, மின்தடையற்ற கம்பிச் சுருளாலான மீக்கடத்திக் காந்தத்தின் நடுவே வைத்துப் புலத்தை ஏற்றினால், நிறமாலையின் உச்சி உயர் ஆற்றல் பக்கமாக மெல்ல நகரும். தொடக்கத்தில் புலத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும் இந்த நகர்வு, 1 டெஸ்லா வலிமையுள்ள புலத்தில், மிகச் சிறிய ஆற்றல் அலகான மில்லி எலெக்ட்ரான் வோல்ட் ஒன்றின் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. ஆயினும் அது எக்ஸிடான் ஆரத்தின் இருமடியையும் சார்ந்திருப்பதால், எந்தக் கண்ணும் காணாத ஓர் இணையின் பருமனை இந்தச் சிறு நகர்விலிருந்தே கணக்கிட்டுவிட முடிகிறது. இதில் ஒரு மாணவி மனம் பறிகொடுப்பதில் எனக்கு வியப்பே இல்லை. புலம் மிகும்போது, காந்தப்புலத்தில் வட்டமிடும் மின்னூட்டங்களுக்கு வாய்க்கும் படிப்படியான ஆற்றல் நிலைகளான லாண்டாவ் மட்டங்கள் மேலோங்கி, நகர்வு நேர்கோட்டை நெருங்குகிறது. எலெக்ட்ரானுக்கும் துளைக்கும் இயல்பாக உள்ள தற்சுழற்சி (ஸ்பின்) என்னும் பண்பின் விளைவாக உச்சி இரண்டாகப் பிரிந்து, ஒன்று வலஞ்சுழியாகவும் மற்றொன்று இடஞ்சுழியாகவும் வட்ட முனைவாக்கம் பெற்ற, அதாவது மின்புலத்தின் திசை சுழன்றபடி செல்லும் ஒளியைத் தருகிறது.

வேலை என்று பார்த்தால், இத்தலைப்பின் பெயரிலேயே அமைந்த பணியிடங்கள் குறைவு என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் நீல எல்இடி விளக்கிலும் ஒளியிழைத் தொடர்புக்கான லேசரிலும் ஒளி பிறப்பது குவாண்டம் கிணறுகளில்தான். லேசர்க் கற்றையை மாதிரியின் மீது பிசகாமல் குவிப்பது, வெற்றிடத்தையும் திரவ ஹீலியத்தையும் கையாள்வது, நிறமாலைமானியை அளவுதிருத்தம் செய்வது, இரைச்சலிலிருந்து உண்மையான நகர்வைப் பிரித்தறிவது ஆகியவற்றில் ஐந்தாண்டு தேறியவருக்கு, அத்தகைய விளக்குகளையும் லேசர்களையும் உருவாக்கும், சோதிக்கும் இடங்களில் வழி உண்டு.

நெறியாளரிடம் தங்கள் மகள் சில கேள்விகளைக் கேட்டாக வேண்டும். மாதிரிகளை வளர்ப்பவர் யார்? நல்ல மாதிரி கிடைக்காமல் ஆய்வு ஆண்டுக்கணக்கில் இழுபடுவது இத்துறையில் பெரிய இடர் என்பதால், இதை முதலில் கேட்கட்டும். காந்தம் ஆய்வகத்துக்கே சொந்தமா, முறை வைத்துக் காத்திருக்க வேண்டியதா? முன்பு படித்தவர்கள் இப்போது எங்கே பணிபுரிகிறார்கள்? அவர்களுள் ஒருவரிடமாவது அவர் நேரில் பேசட்டும். மாதிரியைப் பற்றிய பதில் தெளிவாக வந்தால் தயங்காமல் அனுப்பிவையுங்கள். மழுப்பலாக வந்தால், இதே துறையில் வேறு ஆய்வகத்தை நாம் சேர்ந்து தேடுவோம்.