சியோலில் சாப்பாடும் சவாரியும்: வாசகர் கேள்வி – பதில்

தென் கொரியா கிளம்பும் வாசகர்கள் கேட்டிருப்பவற்றில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

நான் சுத்த சைவம், முட்டையும் தொடமாட்டேன். சியோலில் பத்து நாளும் ரொட்டியும் பழமும்தானா?
– வாசகி, கும்பகோணம்

அவ்வளவு மோசமில்லை. ஆனால் கண்ணால் பார்த்துச் சைவம் என்று முடிவு கட்டாதீர்கள். கொரியச் சமையலில் அசைவம் பெரும்பாலும் கொதித்த தண்ணீரில் ஒளிந்திருக்கும். த்வென்ஜாங் ஜிகே என்பது சோயா விழுதுக் குழம்பு. டோஃபுவும் சுரைக்காய் மாதிரி ஒரு காயும்தான் மிதக்கும். அதற்கு ஊற்றுகிற தண்ணீரோ காய்ந்த நெத்திலியும் கடற்பாசியும் போட்டுக் கொதிக்கவைத்தது. கல்குக்சு நூடுல்ஸுக்கும், காரச் சாந்தில் வேகும் அரிசிக் கொழுக்கட்டையான தொக்போக்கிக்கும் பல கடைகளில் அதே தண்ணீர்தான். கிம்ச்சியில் முட்டைக்கோசும் மிளகாய்த்தூளும் தெரியும். ஊறப்போடும்போது உப்பிட்ட குட்டி இறாலும் மீன்சாறும் சேர்ப்பது வழக்கம். கிம்ச்சி ஜிகேயிலும் கறுப்புச் சாந்து ஊற்றிய ஜஜாங்மியோன் நூடுல்ஸிலும் பொதுவாகப் பன்றி இறைச்சி இருக்கும்.

நம்பிக் கேட்கக்கூடியது பிபிம்பாப். சோற்றின் மேல் கீரை, முளைகட்டிய பயறு, காரட், காளான் எல்லாம் தனித்தனியாக வைத்துத் தருவார்கள் என்பதால் இறைச்சியையும் முட்டையையும் விலக்குவது சுலபம். கொச்சுஜாங் என்னும் மிளகாய் விழுதைப் பற்றி மட்டும் விசாரியுங்கள். சில கடைகளில் கொத்திய மாட்டிறைச்சி சேர்த்து வதக்கியிருப்பார்கள். கூடவே வரும் சின்னக் கிண்ணம் சூப்பைத் தொடவேண்டாம். கடற்பாசித் தாளில் சோற்றைச் சுருட்டித் தரும் கிம்பாப்பில் ஹாம், நண்டுக்குச்சி, மீன்கேக், முட்டை நான்கும் இருக்கலாம். கண்ணெதிரே உருட்டித் தரும் கடையில் அவற்றை நீக்கச் சொல்லலாம். முன்பே உருட்டி அடுக்கிவைத்ததை வாங்காதீர்கள். கோடையில் போனால் கொங்குக்சு கேளுங்கள். குளிர்ந்த சோயாப் பாலில் நூடுல்ஸ். மேலே வைக்கும் அரை முட்டையை வேண்டாமென்றால் போதும், உப்பு நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

சொல்லவேண்டியது: “கோகி, ஹேமுல், கெரான் ப்பெ ஜுசேயோ.” இறைச்சி, கடலுணவு, முட்டை எடுத்துவிடுங்கள் என்று பொருள். இதுமட்டும் போதாது, ஹாமையும் மீன்கேக்கையும் இறைச்சிக் கணக்கில் சேர்க்காத சமையல்காரர்கள் உண்டு. அவற்றையும் நெத்திலித் தண்ணீர், மீன்சாறு, உப்பிட்ட இறால் ஆகியவற்றையும் பெயர்சொல்லிக் கொரிய எழுத்தில் ஒரு குறிப்பாகப் போனில் வைத்துக்கொண்டு, உட்காருவதற்கு முன்பே காட்டுங்கள். ‘முடியாது’ என்றால் வாதாடிப் பயனில்லை. தண்ணீர் காலையிலேயே கொதித்து முடிந்திருக்கும்.

ஒருவேளையாவது கோயில் சாப்பாடு சாப்பிடுங்கள். ஜோக்யேசா கோயிலுக்கு எதிரே ஜோக்யே பௌத்த அமைப்பே நடத்தும் பால்வு கொங்யாங் உணவகம் இருக்கிறது. முன்பதிவு செய்துவிட்டுப் போகவேண்டும், விலையும் கொஞ்சம் அதிகம்தான். மீன், இறைச்சி மட்டுமல்ல, பூண்டு, வெங்காய வகைகளும் அங்கே கிடையாது. பௌத்தத் துறவிகளுக்கு விலக்கப்பட்ட ஐந்து காரநெடிப் பொருள்களில் ஒன்று நம் பெருங்காயம் என்பது கும்பகோணத்துக்காரருக்குச் சற்று வருத்தமான செய்தி.

மாடும் பன்றியும் வேண்டாம், கோழி இருந்தால் போதும். எதைக் கேட்பது?
– வாசகர், புதுக்கோட்டை

உங்கள் பாடு சுலபம். சம்கேதாங்: இளங்கோழியின் வயிற்றில் ஒட்டரிசி, ஜின்செங் வேர், பூண்டு, இலந்தை வைத்து வேகவைத்த முழுக்கோழி சூப். உப்பில்லாமல் வரும், பக்கத்தில் இருக்கும் உப்பையும் மிளகையும் நீங்கள்தான் சேர்க்கவேண்டும். காரம் வேண்டுமானால் தக்கல்பி; பெரிய தட்டையான கடாயில் முட்டைக்கோசு, சர்க்கரைவள்ளிக் கிழங்கோடு மேசையிலேயே வதக்குவார்கள். சோயா சாஸில் கண்ணாடி நூடுல்ஸோடு வேகும் ஜிம்தாக் அந்தோங் ஊர்க்காரர்களின் பெருமை. ஹலால்தான் வேண்டும் என்றால் இடேவோனில் உள்ள சியோல் மத்திய மசூதியைச் சுற்றிய தெருக்கள். இந்திய மளிகைச் சாமானும் அங்கே கிடைக்கும்.

தனியாகப் போகிறேன். இறைச்சி சுடும் கடையில் ஒற்றை ஆளை உட்காரவிட மாட்டார்களாமே?
– வாசகர், திருநெல்வேலி

பல கடைகளில் குறைந்தது இரண்டு பங்கு வாங்கவேண்டும். கரி மூட்டி, கம்பித்தட்டு வைத்து, பக்கவாட்டுத் தொடுகறிகள் எல்லாம் பரப்பி ஒரு மேசையை அடைத்துவைக்கும் செலவு அவர்களுக்கு. ஒரு பங்கு பெரும்பாலும் 150 முதல் 200 கிராம். எடை விலைப்பட்டியலிலேயே எழுதியிருக்கும். பசியுள்ள ஒருவர் இரண்டு பங்கைச் சமாளிப்பார். முடியாதென்றால் குக்பாப் (சூப்பில் போட்ட சோறு), கல்குக்சு, பிபிம்பாப் கடைகளில் தனி ஆளை யாரும் ஏறிட்டும் பார்க்கமாட்டார்கள்.

ஆள்கணக்கைவிடப் பலரை ஏமாற்றுவது நேரம். ஏராளமான கடைகள் மதியம் 3 முதல் 5 மணிவரை அடுப்பை அணைத்துவிடும். இரண்டரைக்குப் போனால் ‘கடைசி ஆர்டர் முடிந்தது’ என்பார்கள். 12 மணிக்கு அலுவலகக் கூட்டம் மொய்க்கும், பதினொன்றரைக்கே போய்விடுங்கள்.

உட்கார்ந்ததும் கரண்டி, குச்சியைக் காணோமே என்று தேடாதீர்கள், மேசையின் பக்கவாட்டு இழுப்பறையில் இருக்கும். ஆளைக் கூப்பிட மேசையில் மணிப்பொத்தான். இல்லாவிட்டால் “ஜோகியோ” என்று குரல் கொடுக்கலாம், மரியாதைக் குறைவல்ல. தொடுகறி தீர்ந்தால் இன்னும் கேட்கலாம், பெரும்பாலும் காசு கிடையாது. ஒரு மூலையில் நீங்களே எடுத்துக்கொள்ளும்படி வைத்திருந்தால் சாப்பிடும் அளவு மட்டும் எடுங்கள். தட்டு நன்றாகச் சூடேறிய பிறகே இறைச்சியை வையுங்கள், அடிக்கடி புரட்டாதீர்கள். சுட்டதைக் கத்தரியால் நறுக்கி, கீரையிலையில் சாந்தும் பூண்டும் வைத்து மடித்து ஒரே வாயில் போடுவதுதான் முறை. இனிப்புச் சாறில் ஊறிய இறைச்சி என்றால் சர்க்கரை கருகித் தட்டில் ஒட்டும். “புல்பான் காரா ஜுசேயோ” என்றால் தட்டை மாற்றித் தருவார்கள். பணம் வாசல் கல்லாவில். டிப்ஸ் வழக்கமில்லை.

குவாங்ஜாங் சந்தையில் ஏமாற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். போகலாமா?
– வாசகி, கோவை

போகலாம், விழிப்போடு. 1905-ல் தொடங்கிய சந்தை; மெட்ரோ 1-ஆம் தடத்தில் ஜோங்னோ 5-கா நிலையத்தில் இறங்கவேண்டும். அளவு குறைவு, விலை அதிகம் என்ற புகார்கள் கொரியர்களிடமிருந்தே கிளம்பியவை. ‘கலவைத் தட்டு’ என்று சொல்வதை மறுத்து, பலகையில் விலை எழுதிய ஒரே பண்டத்தை விரலால் சுட்டிக்காட்டிக் கேளுங்கள். கொஞ்சம் ரொக்கம் கையில் இருக்கட்டும்.

அங்கே முதலில் சாப்பிடவேண்டியது பிந்தேத்தோக். ஊறவைத்த பாசிப்பருப்பைக் கல்லில் அரைத்து, முளைப்பயறு சேர்த்து, எண்ணெய் தாராளமாக விட்டுப் பொரித்தது. நம் அடையைவிட இருமடங்கு தடிமன். மாவில் பன்றி இறைச்சி கலந்ததும் உண்டு, கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பேருந்து, மெட்ரோவுக்கு எந்த அட்டை வாங்கலாம்? கூகுள் மேப் போதுமா?
– வாசகர், யாழ்ப்பாணம்

டி-மணி அட்டையை எந்த கன்வீனியன்ஸ் ஸ்டோரிலும் வாங்கலாம். பணம் ஏற்ற ரொக்கம் வைத்திருங்கள். வெளிநாட்டு கார்டு பல இடங்களில் எடுபடாது. மெட்ரோவின் அடிப்படைக் கட்டணம் 2025 ஜூனிலிருந்து 1,550 வோன். ஒரு வண்டியிலிருந்து இறங்கி 30 நிமிடத்துக்குள் (இரவு 9 முதல் காலை 7 வரை 60 நிமிடம்) அடுத்ததில் ஏறினால் புதிதாக அடிப்படைக் கட்டணம் பிடிக்காது. இதற்குப் பேருந்திலிருந்து இறங்கும்போதும் அட்டையைத் தட்டவேண்டும். நம்மூர்ப் பழக்கத்தில் இதை மறப்பவர்கள் சலுகையை இழக்கிறார்கள். சியோலுக்குள்ளேயே சுற்றுவதானால் ‘காலநிலை அட்டை’யின் சுற்றுலாச் சீட்டைப் பாருங்கள். மூன்று நாளுக்கு 10,000 வோன். ஏழு பயணம் போனாலே லாபம். அட்டைக்குத் தனி விலை. ஷின்புந்தாங் தடத்தில் செல்லாது.

எதிர்த்திசை நடைமேடைக்குள் நுழைந்துவிட்டால் பதற்றம் வேண்டாம். சியோல் மெட்ரோ தடங்களில் 15 நிமிடத்துக்குள் வெளியேறி மறுபக்கம் நுழைந்தால் மறுபடி கட்டணமில்லை. கூட்டத்திலும் காலியாகக் கிடக்கும் ஓரத்து இருக்கைகள் முதியவர்களுக்கானவை, உட்காராதீர்கள்.

விரிவான வரைபடத் தரவை வெளிநாட்டுக்கு அனுப்ப அரசு வெகுகாலம் அனுமதிக்காததால் கூகுளின் நடைவழிக் குறிப்பை நம்பிக் கிளம்ப முடியாது. நேவர் மேப் அல்லது காகாவ் மேப் இறக்கிக்கொள்ளுங்கள். எந்த எண் வாசலில் வெளியேறுவது என்பதையும் அவை சொல்லும். பெரிய நிலையத்தில் தவறான வாசல் என்றால் அகலச் சாலைக்கு எதிர்ப்புறம் போய் நிற்பீர்கள்.

காபிக் கடையில் ஆளில்லை, இயந்திரம்தான் இருக்கிறது என்கிறார்கள். குப்பைத்தொட்டியும் தெருவில் இல்லையாமே?
– வாசகி, சேலம்

இரண்டும் பெரும்பாலும் உண்மை. இயந்திரத் திரையின் ஓரத்தில் மொழிப் பொத்தானைத் தேடுங்கள். அடுத்து, இங்கேயே குடிப்பதா பார்சலா என்று கேட்கும். கார்டை மேலே தட்டிப் பலிக்காவிட்டால் சிப் உள்ள பக்கத்தைச் செருகி, பணம் செலுத்தி முடியும்வரை எடுக்காமல் விடுங்கள். அப்போதும் மறுத்தால் கவுன்டரில் ரொக்கம் கொடுத்துப் பாருங்கள். ரொக்கமே வாங்காத கடைகளும் உண்டு.

குப்பையை அளவுக்கேற்பக் காசு கொடுத்து வாங்கிய பையில் போடும் முறை 1995-ல் நாடெங்கும் வந்தது. அந்தக் காசை மிச்சம்பிடிக்கச் சிலர் வீட்டுக் குப்பையைத் தெருத்தொட்டியில் கொட்டத் தொடங்கியதால் தொட்டிகளைக் குறைத்துவிட்டார்கள். வாங்கிய கடையிலேயே போட்டுவிட்டுக் கிளம்புங்கள். மீதத் திரவத்தையும் ஐஸையும் தனியே கொட்டி, மூடி, கோப்பை, காகிதம் என்று பிரிக்கவேண்டும். கையில் திறந்த காபிக் கோப்பையோடு சியோல் பேருந்தில் ஏறப்போனால் ஓட்டுநர் மறுக்கலாம், 2018 முதல் அவருக்கு அந்த உரிமை உண்டு.