இரண்டு பேர் சம்பளத்தையும் காட்டினால் மகாடா வீடு கிடைக்காதா?

கேள்வி: வணக்கம் சார். நான் பிறந்து வளர்ந்தது மும்பையில். இப்போது சயான் கோலிவாடாவில் வாடகைக்கு இருக்கிறோம். கூரியர் கிடங்கில் சூப்பர்வைசர் வேலை, சம்பளம் 38,000. மனைவி செம்பூரில் தனியார் மருத்துவமனையில் நர்ஸ், அவருக்கு 31,000. கல்யாணமாகித்தான் திருநெல்வேலியிலிருந்து இங்கே வந்தார். அம்மா வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறார். ஊரில் அப்பா கட்டிய ஓட்டு வீடு எனக்கும் அண்ணனுக்கும் கூட்டாக இருக்கிறது. மகாராஷ்டிர அரசின் வீட்டு வசதி அமைப்பான மகாடா, குலுக்கல் போட்டு வீடு ஒதுக்கும் லாட்டரிக்கு விண்ணப்பிக்க ஆசை. ஒரு ஏஜென்ட், "ஒருத்தர் சம்பளத்தை மட்டும் காட்டுங்கள், 6 லட்சத்துக்குள் வந்துவிடும், சர்டிபிகேட் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். மனைவி பெயரில் போடலாமா? கையில் 9 லட்சம் சேமிப்பு இருக்கிறது.

பதில்: முதலில் அந்த ஏஜென்டை விட்டுவிடுங்கள். மகாடா யாரையும் ஏஜென்டாக வைத்துக்கொள்வதில்லை. அப்புறம், அவர் சொல்லும் தந்திரம் பலிக்காது. மகாடா கணக்கில் குடும்ப வருமானம் என்றால் கணவன், மனைவி இருவரின் வருமானமும் சேர்ந்தது. யார் பெயரில் போட்டாலும் இன்னொருவரின் பான், ஆதார் கேட்பார்கள். மனைவி பெயரில் போட்டால் இன்னொரு சிக்கலும் உண்டு. விண்ணப்பிப்பவர் மகாராஷ்டிர டொமிசைல் (வசிப்பிட) சான்றிதழ் வைக்க வேண்டும், அதற்குப் பொதுவாக 15 வருட வாசம் தேவை. கல்யாணமாகி வந்த அவர் அதை எட்டியிருக்காவிட்டால் சிக்கல்தான். உங்கள் பெயரிலேயே போடுங்கள்.

உங்கள் வருமானம் வருஷத்துக்கு 4,56,000, மனைவியுடையது 3,72,000. சேர்த்தால் 8,28,000. அம்மாவின் மாவு வியாபாரம் இதில் சேராது. 2022-ல் மாற்றியமைத்த வரம்பின்படி மும்பைப் பெருநகரப் பகுதியில் 6 லட்சம் வரை பொருளாதாரத்தில் நலிந்த பிரிவு, 9 லட்சம் வரை குறைந்த வருமானப் பிரிவு, 12 லட்சம் வரை நடுத்தரப் பிரிவு, அதற்கு மேல் உயர் வருமானப் பிரிவு. நீங்கள் சுத்தமாகக் குறைந்த வருமானப் பிரிவில் வருகிறீர்கள். மறைக்க ஒன்றுமே இல்லை! கீழ்ப் பிரிவில் இருப்பவர் மேல் பிரிவு வீட்டுக்கும் போடலாம். மேலே இருப்பவர் கீழே இறங்க முடியாது, அவ்வளவுதான்.

ஒன்றைக் கவனியுங்கள். வரம்புக்கும் உங்களுக்கும் இடைவெளி 72,000தான், அதாவது மாதம் 6,000. முந்தைய நிதியாண்டு வருமானத்தைத்தான் பார்ப்பார்கள். இரண்டு பேருக்கும் ஆளுக்கு 3,000-க்கு மேல் ஏறிவிட்டால் அடுத்த லாட்டரியில் நடுத்தரப் பிரிவுதான், வீடும் பெரிது, விலையும் பெரிது. அதற்காகச் சம்பள உயர்வை வேண்டாம் என்று சொல்லச் சொல்லவில்லை. தள்ளிப்போடாதீர்கள் என்கிறேன். மனைவி வருமான வரி ரிட்டர்ன் போடாமல் இருந்தால் இந்த வருஷமே போடச் சொல்லுங்கள். வரி வராது, ஆனால் தாசில்தார் அலுவலகத்தில் வருமானச் சான்றிதழுக்கு அலையும் வேலை மிச்சம்.

உங்கள் கேள்வியில் வருமான வரம்பைவிட எனக்குக் கவலை தந்தது அந்த 9 லட்சம். விலை 45 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 30 லட்சத்தைத் தாண்டும் கடனுக்கு வங்கி வீட்டு மதிப்பில் 80 சதவீதம்தான் தரலாம், அதாவது 36 லட்சம். மீதி 9 லட்சம் உங்கள் கையிலிருந்து. சரி, சேமிப்பு அப்படியே போதும் என்று தோன்றும். ஆனால் மும்பையில் முத்திரைத் தீர்வை 6 சதவீதம், அது 2.7 லட்சம். பதிவுக் கட்டணம் 30,000. ஆக 3 லட்சம் குறைகிறது. 36 லட்சத்துக்கு 8.5 சதவீத வட்டியில் 20 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 31,200. மனைவியின் சம்பளம் முழுசாகப் போனாலும் 200 ரூபாய் பற்றாது. பெயர் விழுந்த பிறகு பணம் கட்டக் கிடைக்கும் அவகாசமும் மாதக் கணக்கில்தான். அந்த நேரத்தில் நகையை அடகு வைத்துக்கொண்டு ஓடக் கூடாது.

அதனால் மகாடாவின் கொங்கண் வாரிய லாட்டரியையும் பாருங்கள். தாணே, கல்யாண், விரார் பக்கமெல்லாம் அதில் வரும். 30 லட்சத்தில் ஒன்று அமைந்து 24 லட்சம் கடன் வாங்கினால் தவணை 20,800 சுமார். நைட் ஷிப்ட் முடித்து வரும் நர்ஸுக்கு எது தோதான தூரம் என்பதை மனைவிதான் சொல்ல வேண்டும். விராரிலிருந்து செம்பூருக்கு ரயில் மாறி மாறி வருவதைவிடக் கல்யாண் தேவலை என்பது என் எண்ணம்.

ஊர் வீடு விஷயம். மகாடா மும்பை லாட்டரிக்கு, விண்ணப்பிப்பவருக்கோ மனைவிக்கோ மைனர் பிள்ளைகளுக்கோ மும்பை மாநகராட்சி எல்லைக்குள் வீடு இருக்கக் கூடாது. ஊரில் உள்ள ஓட்டு வீடு தடை இல்லை. ஆனால் மத்திய அரசின் பிரதமர் வீட்டு வசதித் திட்டம் 2.0-ல் இந்தியாவில் எங்கேயும் பக்கா வீடு (உறுதியாகக் கட்டிய வீடு) இருக்கக் கூடாது. அங்கே வருமானப் பிரிவும் வேறு: 3 லட்சம், 6 லட்சம், 9 லட்சம். அதே 8,28,000-க்கு நீங்கள் அங்கே நடுத்தரப் பிரிவு. 35 லட்சத்துக்குள் வீடு, 25 லட்சத்துக்குள் கடன் என்றால் அதில் அதிகபட்சம் 1.80 லட்சம் வட்டி மானியம் உண்டு. அதற்காக அண்ணனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்துவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். 1.80 லட்சத்துக்காக அப்பா கட்டிய வீட்டின் பங்கை விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

தாராவி சொந்தக்காரர்கள், "எங்களை யாரும் சம்பளம் கேட்கவில்லையே" என்பார்கள். அது குடிசை மறுவாழ்வு. அங்கே இலவச வீட்டுக்குப் பார்ப்பது வருமானத்தை இல்லை, 2000 ஜனவரி 1-க்கு முன்பே அந்தக் கோலி (குடிசை அறை) இருந்ததா என்பதை. உங்களுக்கு அது பொருந்தாது.

கடைசியாக, நம்ம ஊர் ஆட்களுக்கே உரிய தொல்லை ஒன்று. ஆதாரில் 'எஸ். முருகன்' என்று இனிஷியல், பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக, டொமிசைலில் அதுவே குடும்பப் பெயராகப் பின்னால். இங்கே ஆன்லைன் விண்ணப்பம் இதையெல்லாம் ஒப்பிட்டுப் பார்க்கும். லாட்டரி அறிவிப்பு வரும் வரை காத்திருக்காமல், உங்கள் இருவரின் ஆதாரையும் பானையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து பாருங்கள். வித்தியாசம் இருந்தால் இந்த வாரமே திருத்தப் போடுங்கள்.