பேடில் விரல் வாசிப்புக்கு எந்த டிரம் மென்பொருள்?

குடியாத்தம் நண்பருக்கு வணக்கம். 8 ஜிபி ரேம் உள்ள விண்டோஸ் மடிக்கணினிக்குச் சுப்பீரியர் டிரம்மர் 3 என்ற டிரம் மென்பொருளை வாங்கினால், கணினியோடு இணைத்து விரலால் தட்டி வாசிக்கும் பேடைத் தட்டியபின் ஒலி பிந்தி வருவது தீருமா என்று கேட்டிருக்கிறீர்கள். தீராது. ஒலி பிந்துவதற்குக் காரணம் பெரும்பாலும் டிரைவரும் (ஒலிக்கருவியைக் கணினியோடு இயக்கும் மென்பொருள்), பஃபர் அளவும் (ஒலியை வெளியிடுமுன் கணினி சேர்த்துவைக்கும் அளவு) தான். தாமதத்தைக் குறைக்கும் ஏசியோ (ASIO) வகை டிரைவரை நிறுவி, பஃபரை 128 சாம்பிளுக்கு (ஒலித் துணுக்குக்கு) குறைத்தால், விநாடிக்கு 44,100 சாம்பிள் என்ற 44.1 கிலோஹெர்ட்ஸில் தாமதத்தில் பஃபரின் பங்கு ஏறத்தாழ 3 மில்லி விநாடியாகச் சுருங்கிவிடும். மேலும் சுப்பீரியர் டிரம்மரின் முழு ஒலித்தொகுப்பு 230 ஜிபியைத் தாண்டும். வேலூர்க் கோடையில் ஏற்கெனவே கொதிக்கும் கணினிக்கு அந்தச் சுமை வேண்டாம்.

முதலில் ஸ்டீவன் ஸ்லேட் டிரம்ஸ் 5.5 என்ற இன்னொரு டிரம் மென்பொருளின் இலவசப் பதிப்பை நிறுவி, ஸ்நேர் (கூர்மையாக ஒலிக்கும் சிறு டிரம்) பேடை மிக மெதுவாகத் தொடங்கிப் படிப்படியாக அழுத்தித் தட்டிப் பாருங்கள். ஒலியின் அளவோடு அதன் குணமும் மாறுகிறதா, மூடிய ஹைஹாட்டை (இரட்டைத் தட்டுத் தாளத்தை) அடித்ததும் திறந்த ஹைஹாட்டின் ஓசை உடனே அறுபடுகிறதா என்பவையே விரல் வாசிப்புக்கு உயிர். பணம் கொடுத்துத்தான் வாங்குவதென்றால், இடம் குறைவாக எடுக்கும் அடிக்டிவ் டிரம்ஸ் 2-ஐ, அதன் சோதனைப் பதிப்பில் இதே முறையில் தட்டிப் பார்த்தபின் வாங்குங்கள்.