சிம்சோன்: தெரிந்துகொள்ளப்பட்டவன் விழுந்த கதை (கேள்வி பதில்)

ஆங்கிலக் கவிஞர் மில்டன் 1671-ல் வெளியிட்ட 'சாம்சன் அகோனிஸ்டஸ்' என்ற கவிதை நாடகம் பற்றி வந்த கேள்விகள். நாயகன் வேதாகமத்தில் வரும் பலசாலி சிம்சோன் (ஆங்கிலத்தில் சாம்சன்). தெலீலாள் என்ற பெண் காட்டிக்கொடுத்ததால் எதிரிகளான பெலிஸ்தரிடம் சிக்கி, கடைசியில் அவர்கள் கோயில் தூண்களைச் சாய்த்து, இடிந்த கூரையின் கீழ் அவர்களோடு தானும் சாகிறவன்.

கேள்வி: சார், பிறப்பதற்கு முன்பே தேவதூதன் வந்து அறிவித்த பிள்ளை சிம்சோன். அப்படிப்பட்டவன் எப்படி விழலாம்?

பதில்: அவனைத் தெரிந்துகொண்டது ஒரு வேலைக்காக. விழவே மாட்டான் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. மில்டன் நாடகத்தை ஆரம்பிப்பதே விழுந்த பிறகுதான். கண் பிடுங்கப்பட்டு காசா சிறையில் மாவரைக்கிறவனுக்கு, பெலிஸ்தரின் தெய்வமான தாகோனின் திருவிழா என்பதால் அன்று வேலை இல்லை. பழைய வீரமெல்லாம் வெறும் பேச்சாகத்தான் வருகிறது.

கேள்வி: கடவுள்மேல் யாரும் குறை சொல்வதில்லையா?

பதில்: கோரஸாக, அதாவது சேர்ந்து பேசும் குழுவாக வரும் அவன் இனத்தவரான தாண் கோத்திரத்தார் நன்றாகவே சொல்கிறார்கள். சாதாரண ஜனங்களை விடும், நீர் தெரிந்துகொண்டவர்களையே, உயர்த்தியதைவிட ஆழமாகத் தள்ளிவிடுகிறீரே என்று நேராகக் கடவுளிடமே கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் நாடகத்தின் உச்சம் இதுதான், கூரை இடிவது அல்ல. மில்டனுக்கு 1652-க்குள் பார்வை போய்விட்டது. 1660-ல் மன்னராட்சி திரும்பியதும் நம்பிய அரசியலும் போனது, கொஞ்ச நாள் சிறைவாசம் வேறு. (நாடகம் எழுதப்பட்ட காலம் பற்றி அறிஞர்களிடையே சண்டை இருக்கிறது, அதனால் இதை ரொம்ப இழுக்க வேண்டாம்.) சிம்சோனோ, என் வீழ்ச்சிக்கு முதல் காரணம் தெலீலாள்கூட இல்லை, நான்தான் என்கிறான்.

கேள்வி: தெலீலாளை மன்னிக்கிறானா?

பதில்: எட்ட நிறுத்தி மன்னிக்கிறான். கையையாவது தொடட்டுமா என்று கேட்கிறாள். தொட்டால் மூட்டு மூட்டாகப் பிய்த்துவிடுவேன் என்கிறான். அவளை மனைவியாக்கியது மில்டன், வேதாகமத்தில் அப்படி இல்லை.

கேள்வி: கடைசியில் கடவுள் அவனை ஏற்றுக்கொண்டாரா?

பதில்: அவன் அப்பா மனோவாவும் கோரஸும் அப்படித்தான் நம்புகிறார்கள். மில்டன் பிடி கொடுப்பதில்லை. வேதாகமத்தில் சிம்சோன் வாய்விட்டு ஜெபிக்கிறான். இங்கே, தூணருகே தலை கவிழ்ந்து நின்றான், ஜெபிப்பவன் போலவோ பெரிய யோசனையில் இருப்பவன் போலவோ என்று மட்டும் செய்தி வருகிறது. கோயிலுக்குக் கிளம்புமுன் உள்ளுக்குள் ஏதோ கிளர்கிறது என்று சொல்லியிருந்தான். அது கடவுளிடமிருந்துதான் வந்தது என்பதற்கு அவனைத் தவிர சாட்சி கிடையாது. 2001 செப்டம்பருக்குப் பிறகு, இது தற்கொலைத் தாக்குதலைப் புகழும் நூலா என்றே விமர்சகர்கள் மோதிக்கொண்டார்கள். ஆனால் உள்ளுக்குள் அந்தக் கிளர்ச்சி வருவதற்கும் முன்பே ஹராபா என்ற ராட்சதனிடம், கடவுளின் மன்னிப்பில் நான் நம்பிக்கை இழக்கவில்லை என்கிறானே, எனக்கு அந்த வரி போதும்.

கேள்வி: மேடையில் பார்க்கக் கிடைக்குமா?

பதில்: மேடைக்காக எழுதவில்லை என்று மில்டனே முன்னுரையில் சொல்லிவிட்டார். இசையமைப்பாளர் ஹாண்டல் இதை வைத்து அமைத்த 'சாம்சன்' என்ற ஆரட்டோரியோ (நடிப்பில்லாமல் பாடப்படும் இசை நாடகம்) 1743-ல் லண்டனில் அரங்கேறியது. அதன் ஒலிப்பதிவுகள் நிறையக் கிடைக்கும், கேட்டுப் பாருங்கள்.