கேளுங்க சொல்றோம்: காத்தாடியும் அணு உலையும்

கேள்வி: கூடங்குளம் பக்கத்துலயே முப்பந்தல் காத்தாடி இருக்கே, ரெண்டையும் ஜோடி சேர்த்தா நிலக்கரியே வேணாம்ல சார்?
– வள்ளியூர் வாசகர்

பதில்: ரெண்டும் ஒரே கிரிட்லதாங்க (மின்சாரம் கொண்டு போற கம்பி வலை) இருக்கு, ஆனா ஜோடின்னு சொல்ல முடியாது. ஆடிக்காத்துல காத்தாடி பேயா சுத்தும், காத்து போச்சுன்னா சும்மா நிக்கும், கூடங்குளத்து 1000 மெகாவாட் யூனிட்டுங்க எப்பவும் ஒரே சீரா ஓடும், அதைக் கூட்டிக் கொறச்சா போட்ட முதலுக்குக் கட்டாது. இதுக்கு ஒரு வழியா, அமெரிக்காவுல வயோமிங் மாநிலத்துல பில் கேட்ஸோட டெர்ராபவர் கம்பெனி கட்டுற நேட்ரியம் அணுமின் ஆலையில 345 மெகாவாட் ரியாக்டர், வெயிலும் காத்தும் அமோகமா இருக்கப்ப அதோட சூட்டை உருக்கின உப்புத் தொட்டியில (ஊறுகா உப்பு இல்லீங்க, நைட்ரேட் உப்பு) சேத்து வச்சு, சாயங்காலம் தேவை ஏறுறப்ப 500 மெகாவாட் வரைக்கும் அஞ்சரை மணி நேரம் குடுக்கறதா பிளான். ஐடியா பிரமாதம், ஆனா செலவுக் கணக்கை கட்டி ஓட்டிக் காட்டுனப்புறம்தான் நம்புவேன்.