எழுபது வயதில் பயாலஜிக் ஊசி போடலாமா?

முடக்குவாதத்தில் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) மூட்டைத் தாக்கும் எதிர்ப்பு சக்தியை அடக்கப் போடும் பயாலஜிக் ஊசி பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல், அப்பா அம்மாவுக்காகப் பிள்ளைகள் எழுதியவை. சேலம், ஏற்காடு பக்கத்திலிருந்து வந்த ஐந்துக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

முதல் கேள்வி: அம்மாவுக்கு 72 வயது. அம்மாப்பேட்டையில் தறிக்குத் தார் சுற்றிக் கொடுப்பார். மெத்தோட்ரெக்சேட் என்ற வாத மாத்திரையும் ஸ்டீராய்டும் சாப்பிட்டும் விரல் வீக்கம் வடியவில்லை. டாக்டர் பயாலஜிக் ஊசி போடலாம் என்கிறார். 'இந்த வயசுல உடம்பு தாங்காது' என்று சொந்தக்காரர்கள் தடுக்கிறார்கள்.

வயதை மட்டும் காரணமாக வைத்து வேண்டாம் என்று முடிவு செய்துவிடாதீர்கள். என்னிடம் வரும் பெரியவர்களை முதலில் விரல்களை மடக்கி மூடச் சொல்வேன். நோய் அடங்காதவர்களுக்கு விரல் நுனி உள்ளங்கையைத் தொடாமல் பாதியிலேயே நின்றுவிடும். காலையில் கை வசத்துக்கு வர எவ்வளவு நேரமாகிறது என்று கேட்டால், "பத்து மணி ஆயிடுதுங்க" என்பார்கள். வயதில் வரும் மூட்டுத் தேய்மானத்தில் இந்த விறைப்பு பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும். முடக்குவாதம் வேறு. உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிறது. வீக்கம் நீடித்தால் எலும்பு அரிக்கும், அரித்த இடம் பழையபடி ஆகாது. தார் சுற்றுவதை விட்டுவிட்டால்கூட, ஜாக்கெட் கொக்கி மாட்டவும் சோறு பிசையவும் அம்மாவுக்கு அந்த விரல்கள்தானே வேண்டும்?

சொந்தக்காரர்களின் பயத்திலும் நியாயம் உண்டு. பயாலஜிக் மருந்தால் கிருமித்தொற்று வரும் வாய்ப்பு கூடும், வயதானவர்களுக்கு அது ஏற்கெனவே அதிகம். ஆனால் அம்மா தினமும் விழுங்கும் ஸ்டீராய்டும் அதையேதான் செய்கிறது. கூடவே சர்க்கரையை ஏற்றுகிறது, எலும்பை மெலிய வைக்கிறது, கண்புரையையும் கொண்டுவருகிறது. ஊசி வேலை செய்ய ஆரம்பித்த பிறகு ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைக்க முடிந்தால் பெரிய லாபம். டாக்டரைக் கேட்காமல் சட்டென்று மட்டும் நிறுத்திவிடாதீர்கள், அது ஆபத்து.

எனக்கு முக்கியமாகப் படுவது ஊசிக்கு முந்தைய தயாரிப்புதான். காசநோய், ஹெபடைட்டிஸ் பி, சி பரிசோதனைகள் முடிந்திருக்க வேண்டும். சிறுநீரகமும் கல்லீரலும் எப்படி இருக்கின்றன என்று தெரிய வேண்டும். ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகளையும், அக்கிக்கான உயிரற்ற வகைத் தடுப்பூசியையும் முடிந்தவரை முன்கூட்டியே போட்டுவிடுங்கள். இதயம் பலவீனமாகிக் காலில் நீர் கோத்து, மூச்சு வாங்குகிறவர்களுக்கு அடாலிமுமாப், எட்டனர்செப்ட் போன்ற, டி.என்.எஃப். என்ற வீக்கப் புரதத்தைத் தடுக்கும் பயாலஜிக் ஊசிகளைத் தவிர்ப்போம். அவர்களுக்கு ரிடுக்ஸிமாப், அபாடாசெப்ட் என்று வேறு பயாலஜிக் மருந்துகள் இருக்கின்றன.

அப்புறம், மெத்தோட்ரெக்சேட் வாரத்தில் ஒரே நாள்தான். தினமும் சாப்பிட்டு, வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் சரிந்து வந்த பாட்டிமார்களைப் பார்த்திருக்கிறேன். எந்தக் கிழமை என்று மாத்திரை டப்பா மேலேயே பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

ஓமலூரிலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு இருமல் இல்லை, சளி இல்லை, எக்ஸ்ரேயும் சுத்தம். ஆனால் கையில் போட்ட காசநோய் ஊசி தடித்துவிட்டது என்று மாத்திரை கொடுக்கிறார்கள். இல்லாத நோய்க்கு எதற்கு மருந்து?

நம் ஊரில் நிறையப் பேர் உடம்பில் காசநோய்க் கிருமி தூங்கிக்கொண்டிருக்கிறது. உடம்பு அதைச் சுற்றி வேலி கட்டி அடைத்து வைத்திருக்கும். அந்த வேலி நிற்பதற்கு மேலே சொன்ன டி.என்.எஃப். புரதம் வேண்டும். வாதத்தில் வீக்கத்தைக் கிளப்புவதும் அதே புரதம்தான். ஊசி அதைத் தடுக்கும்போது மூட்டு வீக்கம் வடிகிறது, வேலியும் தளர்கிறது. அதனால்தான் முன்னெச்சரிக்கையாக மாத்திரை தருகிறார்கள். வழக்கமாக ஒரு மாதமாவது அதைச் சாப்பிட்ட பிறகே பயாலஜிக் ஊசியைத் தொடங்குவோம். ஊசி ஆரம்பித்துவிட்டது என்று மாத்திரையைப் பாதியில் விடக்கூடாது. காசநோய்க்குத் தரும் ஐசோனியாசிட் மாத்திரை, மெத்தோட்ரெக்சேட் இரண்டுமே கல்லீரலைப் பாதிக்கலாம் என்பதால் இடையிடையே ரத்தப் பரிசோதனை கட்டாயம்.

ஏற்காடு நாகலூரில் இருக்கிறோம். ஊசியைச் சேலத்தில் வாங்கி வர வேண்டும், இங்கே கரண்ட்டும் அடிக்கடி போகிறது. இந்தக் குளிரால்தான் வாதமே வந்ததா?

குளிரில் வலியும் விறைப்பும் கூடுதலாகத் தெரியலாம். ஆனால் நோய் குளிரால் வருவதில்லை, அதற்காக மலையை விட்டு இறங்க வேண்டாம்.

இந்த ஊசிகளை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். சித்திரை வெயிலில் புது பஸ் ஸ்டாண்டில் காத்திருந்து, 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி வரும் வரை வெறும் கைப்பையில் வைத்தால் மருந்து கெட்டுப்போகலாம். ஐஸ் பெட்டியில் கொண்டு வாருங்கள். ஊசி ஐஸை நேராகத் தொடாதபடி துணி சுற்றுங்கள், ஏனென்றால் உறைந்த ஊசி உருகினாலும் உதவாது. வீட்டில் ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில் வையுங்கள். கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள், மூன்று நான்கு மணி நேரம் குளிர் நிற்கும். போடுவதற்கு அரை மணி நேரம் முன்பு வெளியே எடுத்து வைத்தால் எரிச்சல் குறையும். சீக்கிரம் சூடேறட்டும் என்று வெந்நீரில் மட்டும் போடாதீர்கள்.

எனக்கு வயது 68. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வேலை. இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது, பீடி விட முடியவில்லை. ஊசிக்குப் பதில் டோஃபாசிட்டினிப் மாத்திரை போதுமா?

உங்களுக்கு அதை நான் முதலில் எழுத மாட்டேன். மாத்திரை என்பதாலும் விலை குறைவு என்பதாலும் பலர் கேட்கிறார்கள். இதய நோய் அபாயம் உள்ள 50 வயதைக் கடந்தவர்களிடம் நடந்த ஆய்வில், டி.என்.எஃப். தடுப்பு ஊசி போட்டவர்களைவிட இந்த மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பும் புற்றுநோயும் கூடுதலாக வந்தன. 2021-ல் அமெரிக்க மருந்துத் துறை அதற்கான எச்சரிக்கையைச் சேர்த்தது. அக்கியும் இதில் அதிகம் வருகிறது. ஸ்டென்ட்டையும் பீடியையும் மறைக்காமல் உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள். பீடி வாதத்தையே முறுக்கிவிடும், இதயத்துக்காக மட்டுமில்லாமல் விரல்களுக்காகவும் அதை விடுங்கள்.

ஊசி போட வேண்டிய நாளில் காய்ச்சல் இருந்தால்?

போடாதீர்கள், டாக்டரைக் கூப்பிடுங்கள். ஓரிரண்டு நாள் தள்ளிப்போவதால் ஒன்றும் ஆகிவிடாது. வயதானவர்களுக்குத் தொற்று இருந்தும் உடம்பு சுடாமல் இருக்கலாம். டோசிலிசுமாப் என்ற பயாலஜிக் மருந்து போட்டவர்களுக்குக் காய்ச்சலும், ரத்தத்தில் வீக்கத்தைக் காட்டும் சி.ஆர்.பி. அளவும் ஏறாமலே கூட இருக்கும். நேற்று வரை நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் இன்று சோற்றைத் தொடவில்லை, பேச்சு குழறுகிறது, எந்நேரமும் படுத்தே கிடக்கிறார் என்றால் தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். எந்த ஊசி, கடைசியாக என்றைக்குப் போட்டது என்று எழுதிய சீட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.